காரோடு குடித்தனம்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் இந்தப் பக்கத்தை நான் எழுத ஆரம்பித்தது 2005-ல். அப்போது ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவில் வேலை. கார் கடன் விண்ணப்பமெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது, கடிதங்கள் மட்டும் வந்துகொண்டே இருக்கின்றன. இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் நம் வடசென்னைக் கடிதங்கள். நானும் தண்டையார்பேட்டைக்காரிதான். நம் தெருக்களை வைத்தே பேசுவோம்.

அம்மா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். திருவொற்றியூர் தேரடி பக்கம் வீடு, கிண்டியில் வேலை. 10 லட்ச ரூபாயில் ஒரு எஸ்யூவி பார்த்து வைத்திருக்கிறோம். 8 லட்சம் கடன், 7 வருஷத் தவணை, 9 சதவீத வட்டி. மாதம் 12,900 ரூபாய்க்குள் வருகிறது, சமாளித்துவிடலாம் என்கிறார்கள். வாங்கலாமா? (திருவொற்றியூர் வாசகர்)

தம்பி, சமாளித்துவிடலாம் என்று சொன்னவர் காரை விற்கிறவரா, கடனைக் கொடுக்கிறவரா? யாராக இருந்தாலும் அவர் சொன்னது முதல் மாதக் கணக்கு. நான் 36-வது மாதக் கணக்கைச் சொல்கிறேன்.

மூன்று வருஷம் ஒழுங்காகத் தவணை கட்டி முடித்த அன்று, உங்கள் கடன் பாக்கி இன்னும் சுமார் 5 லட்சத்து 17 ஆயிரம் இருக்கும். இந்த நீண்ட தவணையில் முதல் மூன்று வருஷம் கட்டுவதில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கு வட்டிக்கே போய்விடும். அதே நாளில் இன்சூரன்ஸ்காரர் உங்கள் காருக்கு என்ன மதிப்புப் போடுவார்? அதற்கு அட்டவணை இருக்கிறது. மூன்று வருஷம் தாண்டினால் ஷோரூம் விலையில் 40 சதவீதம் கழிப்பார்கள். ஆக 6 லட்சம். அந்த விலைக்கே ஆள் கிடைத்து விற்றாலும், கடனை அடைத்தது போக கையில் நிற்பது 83,000 ரூபாய். அதுவரை நீங்கள் போட்டது முன்பணம் 2 லட்சம், தவணை 4 லட்சத்து 63 ஆயிரம். சாலை வரியும் இன்சூரன்ஸும் தனி.

இப்படி மூன்றாம் வருஷத்தில் மாட்டிக்கொண்டு என் மேஜை முன்னால் உட்கார்ந்தவர்கள் பலர். வேலை போயிருக்கும், வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போயிருக்கும். காரை விற்றுக் கடனை முடித்துவிடலாம் என்று வருவார்கள். கணக்கைத் திருப்பிக் காட்டும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். 7 வருஷத்தில் மொத்தம் 10 லட்சத்து 81 ஆயிரம் கட்டுவீர்கள். 5 வருஷமாகக் குறைத்தால் தவணை 16,600, மொத்தம் 9 லட்சத்து 96 ஆயிரம். மூன்று வருஷத்துக்குள் அடைக்க முடியாத கார் கடன், நம் சம்பளத்துக்கு மீறிய கார் என்பது என் முடிவு. வங்கியில் இருந்தபோதும் இதையேதான் சொன்னேன்.

இன்னொன்று. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது. இப்போது தேரடியில் ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம். வேலைக்கு உங்களுக்குக் கார் வேண்டாம். அப்புறம் எதற்கு? வீட்டுக் காலண்டரில் நாலு வாரம், கார் இருந்திருந்தால் எடுத்திருப்போம் என்று தோன்றுகிற ஒவ்வொரு தடவையும் எழுதி வையுங்கள். எங்கே, எத்தனை பேர், எத்தனை கிலோமீட்டர். அதோடு அந்த 12,900 ரூபாயை ஆறு மாதம் ஆர்.டி.யில் போட்டுப் பாருங்கள். வீட்டுச் செலவு இடிக்காமல் ஓடினால் கையில் 77,000 சேர்ந்திருக்கும், உங்கள் பலமும் தெரிந்திருக்கும். மாசி பிரம்மோற்சவத்தின்போது தேரடியில் அவ்வளவு பெரிய வண்டியை எங்கே நிறுத்துவது என்பதையும் வீட்டில் பேசிவிடுங்கள். நாலைந்து வருஷம் ஓடிய சின்னக் கார் ஒன்று, 4, 5 லட்சத்துக்குள், உங்கள் குடும்பத்துக்குப் போதும் என்று எனக்குப் படுகிறது.

காசிமேட்டில் கடலுக்கு எதிரே வீடு. நாலு வருஷக் கார், தினமும் கவர் போட்டுத்தான் நிறுத்துகிறேன். ஆனாலும் கதவுக்கு அடியில் துரு. ஏன்? (காசிமேடு வாசகர்)

முதலில் அந்தக் கவரை எடுத்துவிடுங்கள். கடல் காற்றில் வருகிற உப்பு காரின் மேல் படியும். உப்புக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு. மேலே கவரையும் மூடிவிட்டால் அந்த ஈரம் காய வழியில்லை. வெயிலுக்கு ஒதுங்க நிழல் இருந்தால் போதும், காற்றுப் பட நிற்கட்டும்.

உங்கள் துரு வெளியிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. கார் கதவு உள்ளே வெறும் கூடு. மழை பெய்தால் கண்ணாடி ஓரத்து ரப்பர் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். அது வடிவதற்காகக் கதவின் அடி விளிம்பில் மூன்று நான்கு சின்ன ஓட்டைகள் வைத்திருப்பார்கள். குனிந்து பார்த்தால்தான் தெரியும். நம் பக்கத்துத் தூசி, எண்ணூர் பக்கமிருந்து வருகிற சாம்பல், உப்பு மூன்றும் கலந்து பசை மாதிரி ஆகி அந்த ஓட்டைகளை அடைத்துவிடும். அப்புறம் கதவு உள்ளிருந்து அழுகும். வெளியே பெயிண்ட் கொப்புளிக்கும்போது பாதி இரும்பு போயிருக்கும்.

2014 மழைக்காலத்தில் என் கார்க் கதவைத் திறந்தால் உள்ளே களக் களக் என்று சத்தம். ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்தேன். எங்கள் மெக்கானிக் பாய் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, தரையில் உட்கார்ந்து, ஓட்டை ஒன்றில் விட்டுச் சுழற்றினார். டீ நிறத்தில் தண்ணீர், ஒரு டம்ளர் இருக்கும், கொட்டியது. பின்னாலேயே கருப்புச் சேறு. நாலு கதவிலும் அதே கதை. அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு மணையைப் போட்டு உட்கார்ந்து நாலு கதவுக்கும் ஈர்க்குச்சி விடுகிறேன். பத்து நிமிஷ வேலை. கம்பி மட்டும் விடாதீர்கள், உள்பக்கப் பெயிண்ட் சுரண்டிவிடும்.

இப்போது வந்திருக்கும் துருவுக்கு டிங்கரிங் கடைக்குத்தான் போக வேண்டும். வெறும் பட்டியை (பள்ளத்தை நிரப்புகிற பசை) அப்பிப் பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்குள் திரும்ப வரும். நல்ல இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, துரு தடுக்கும் பிரைமர் அடித்து, அதன்மேல்தான் பட்டி. தேய்த்த கட்டத்தில் எனக்குக் காட்டுங்கள் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு வாருங்கள். கீழே ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் இரும்பு இருக்கிறது. மந்தமாகக் கேட்டால் பட்டியோ துருவோ.

அப்புறம், துறைமுகச் சாலையில் ஐஸ் உருகி ஒழுகிக்கொண்டே போகிற மீன் வண்டிகளுக்குப் பின்னால் போகும்போது, அந்த உப்புத் தண்ணீர் முழுக்க உங்கள் காரின் அடியில்தான் அடிக்கும். வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். மேலே பளபளவென்று துடைப்பதைவிட அதுதான் முக்கியம்.

புதிதாக ஓட்டப் பழகியிருக்கிறேன். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி பக்கத்தில் வந்தால் கை நடுங்குகிறது. (எர்ணாவூர் வாசகி)

நடுங்குவது நியாயமான பயம், சகோதரி. 40 அடிப் பெட்டி ஏற்றிய டிரெய்லரின் பக்கவாட்டில் நிற்காதீர்கள், இதுதான் முதல் பாடம். டிரைவருடைய கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்கள் அவருக்குத் தெரியவில்லை. டிரெய்லர் திரும்பும்போது தலை அகலமாகப் போகும், பின் சக்கரம் உள்பக்கமாக வெட்டி வரும். இடது பக்க இடைவெளியைப் பார்த்து நுழைகிறவர்கள் அங்கேதான் சிக்குகிறார்கள். பின்னால் தள்ளியே வாருங்கள். ஹாரன் அடிக்கிறவர் அடிக்கட்டும்.

மழைக்கு வியாசர்பாடி ஜீவா சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது. முன்னால் ஒரு வேன் போய்விட்டது, நானும் விட்டேன், தப்பித்தேன். எவ்வளவு தண்ணீர் வரை போகலாம்? (வியாசர்பாடி வாசகர்)

சக்கரத்தின் நடுக் குமிழ் மூழ்குகிற அளவு என்றால் திரும்பிவிடுங்கள். சுரங்கப்பாதை என்றால் அந்த அளவுகூட வேண்டாம், நடுவில் எவ்வளவு ஆழம் என்று வெளியிலிருந்து தெரியாது. ஜீவாவும் கணேசபுரமும் எத்தனை வண்டிகளை நிறுத்தியிருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

இன்ஜின் மூச்சு இழுக்கிற வாய் பெரும்பாலான கார்களில் முன்பக்கம், ஹெட்லைட்டை ஒட்டிய மட்டத்தில் இருக்கிறது. முன்னால் போகிற வேன் எழுப்புகிற அலையே அதற்குள் தண்ணீரைத் தள்ளிவிடும். பிஸ்டன் காற்றை அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. வேகமாக மேலே வருகிற பிஸ்டன் தண்ணீரில் முட்டினால் பிஸ்டனைப் பிடித்திருக்கிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் பம்பர் வரை தண்ணீர். எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய தெருக்களில் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது, அந்த மக்கள் பட்ட பாட்டுக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் வடிந்ததும் எதிர்வீட்டுத் தம்பி, ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருப்பினார். டக் என்று ஒரே சத்தம். அவ்வளவுதான். ராடு வளைந்து இன்ஜினைப் பிரிக்க வேண்டியதாயிற்று, ஒரு லட்சத்துக்கு மேல். அவருடையது சாதாரண முழு இன்சூரன்ஸ். வெள்ளம் காருக்குச் செய்த சேதத்துக்குப் பணம் உண்டு, ஸ்டார்ட் செய்ததால் இன்ஜினுக்கு வந்த சேதத்துக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நான் செய்தது இவ்வளவுதான். 10 எம்எம் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினேன். சாவியைத் தொடவில்லை. கியரில் போட்டுத் தள்ளவும் விடவில்லை. தூக்கி ஏற்றிப் போகிற வண்டி கிடைக்க நாலு நாள் ஆயிற்று, காத்திருந்தேன். பாய் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுழற்றிப் பார்த்தார், இன்ஜின் ஆயிலையும் கியர் ஆயிலையும் மாற்றினார். சீட், தரைவிரிப்பு எல்லாம் ஐந்து நாள் மொட்டை மாடியில். மொத்தம் 31,000 ரூபாய்.

இன்ஜினுக்கான கூடுதல் பாதுகாப்பைப் பாலிசி புதுப்பிக்கும்போதே கேட்டுச் சேருங்கள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு ஓடினால் கிடைக்காது. அது இருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியைத் தெரிந்தே ஸ்டார்ட் செய்தால் கம்பெனி மறுக்க இடமுண்டு.

2016 மாடல் பெட்ரோல் கார். இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. வண்டி கெட்டுவிடுமா? (மணலி வாசகர்)

உடனே கெடாது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் அதற்கேற்ற ரப்பரும் சீலும் போட்டு வந்தன, உங்களுடையதில் அநேகமாக இருக்காது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால் கணக்குப்படி மைலேஜ் 6, 7 சதவீதம் குறையும். ஏற்கெனவே 10 சதவீதம் கலந்துதான் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள், ஆகவே புதிதாகக் குறைவது அதில் பாதி. சர்வீஸில் பெட்ரோல் போகிற ரப்பர் குழாய்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உப்பியிருந்தால், வெடிப்பு விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். நிறுத்தின வண்டியில் பெட்ரோல் வாசனை வந்தால் அன்றே காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் டேங்கில் கொஞ்சமாக விட்டு மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கவும் வேண்டாம்.

அக்கா, அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். கொடுங்கையூரிலிருந்து ஸ்டான்லிக்கு ஆட்டோவில் போய் வருகிறோம். திரும்பும்போது அம்மா துவண்டுவிடுகிறார். கையில் இரண்டரை லட்சம் இருக்கிறது. பழைய கார் வாங்குவது சரியா? (கொடுங்கையூர் வாசகி)

வாங்குங்கள். இந்த முறை வந்த கடிதங்களில் கார் கட்டாயம் வேண்டிய வீடு உங்களுடையதுதான்.

கூரை உயரமான சின்னக் காராகப் பாருங்கள். தாழ்ந்த சீட் வேண்டாம். வண்டியைப் பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், முன் சீட்டில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லுங்கள். முட்டி மடக்கி உள்ளே விழுகிற மாதிரி இருந்தால் அந்த வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். மத்தியான வெயிலில் ஏசியை கால் மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள், உங்களுக்கு அது சொகுசுக்காக அல்ல.

வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனால் முன்னாலேயே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். போனதும் பானெட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால் நாளைக் காலை வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை உருவிப் பாருங்கள். உட்கார்ந்தவர் யாரும் அவ்வளவு தூரம் இழுத்திருக்க மாட்டார்கள், வெள்ளத்தில் நின்ற வண்டியானால் அங்கே மண் கோடு அப்படியே இருக்கும். ஸ்டெப்னி வைக்கிற குழியில் விரலை விட்டுத் தடவுங்கள், துருவோ சேறோ இருக்கிறதா என்று. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. பூ தேயாமல் பளிச்சென்று இருந்தாலும் ஆறு வருஷமான டயரை மாற்றத்தான் வேண்டும், அந்தப் பணத்தை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

காகிதம். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்), கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ம் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விற்றவருடைய நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்கான தள்ளுபடி) அவரோடு போய்விடும், காரோடு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருக்கும்.

இரண்டரை லட்சத்தையும் விலையாகக் கொடுத்துவிட வேண்டாம். 2 லட்சத்து 10 ஆயிரத்துக்குள் வண்டி. மீதி 40,000 பேட்டரி, டயர், ஆயில், பிரேக்குக்கு. வாங்கின முதல் மாதம் அது கண்டிப்பாக வேண்டும்.

ஷோரூம் சர்வீஸா, தெரு மெக்கானிக்கா? (விம்கோ நகர் வாசகர்)

வாரண்டி முடியும்வரை ஷோரூம். அப்புறம் நல்ல மெக்கானிக் கிடைத்தால் அவர். நம் பக்கத்தில் கிடைப்பார். எண்ணூரில் 1949-ல் ஆஸ்டின் கார்களின் பாகங்களைச் சேர்த்துப் பூட்ட ஆரம்பித்தார்கள், அப்புறம் லேலண்ட் லாரிகள். திருவொற்றியூரில் புல்லட். அந்தத் தொழிற்சாலைகளைச் சுற்றி வளர்ந்தவைதான் நம் லேத் பட்டறைகளும் கை வேலைக்காரர்களும். என் அப்பாவும் திருவொற்றியூரில் அப்படி ஒரு பட்டறை வைத்திருந்தவர். நல்ல மெக்கானிக்குக்கு அவர் சொன்ன அடையாளம், மாற்றிய பழைய சாமானைக் கேட்காமலே உங்கள் கையில் கொடுத்து, எங்கே தேய்ந்திருக்கிறது என்று காட்டுவார். அப்படி ஒருவர் கிடைத்தால் பத்து ரூபாய்க்காக வேறு கடைக்கு மாறாதீர்கள்.

20 வருஷமாக எழுதுகிறீர்கள். மாற்றிக்கொண்ட பதில் ஏதாவது உண்டா? (மாதவரம் வாசகர்)

உண்டு. 2012-ல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. எல்லோரும் டீசல் கார் வாங்கிய காலம். பெரம்பூரிலிருந்து ஓர் ஆசிரியர் கேட்டார், நானும் டீசலே வாங்குங்கள் என்று இந்தப் பக்கத்தில் எழுதினேன். அவர் வாங்கினார். 2019-ல் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கோபமாக ஒரு வார்த்தை இல்லை, கணக்கு மட்டும். மாதம் 400 கிலோமீட்டர்தான் ஓட்டியிருக்கிறார். அந்த ஓட்டத்துக்கு அன்றைய விலையில் டீசலால் மிச்சமாவது மாதம் 1,100 ரூபாய். டீசல் காருக்கு அவர் கூடுதலாகக் கொடுத்தது ஒரு லட்சம். அதை எடுக்கவே ஏழு வருஷத்துக்கு மேலாகும். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கி, இடைவெளியும் சுருங்கிவிட்டது. டீசலுக்கான கூடுதல் சர்வீஸ் செலவு வேறு.

என் தவறு எதுவென்று அந்தக் கடிதம் காட்டியது. மாதம் எத்தனை கிலோமீட்டர் என்று நான் அவரைக் கேட்கவே இல்லை. பம்பில் போட்டிருந்த விலைப்பலகையைப் பார்த்துப் பதில் எழுதிவிட்டேன். அவருக்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டேன். இன்று யாராவது டீசல் என்றால் இன்னொன்றும் சொல்கிறேன். 2020-க்குப் பிறகு வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி உண்டு. நீண்ட சாலையில் வேகமாக ஓடினால்தான் அது தன்னைச் சூடாக்கிக் கரியை எரித்துக்கொள்ளும். மூலக்கொத்தளத்திலிருந்து மின்ட் வரை போய் வருகிறவருக்கு அடைத்துக்கொண்டு செலவு வைக்கும்.

ஆரம்பத்தில் நான் புது மாடல்களைப் பற்றித்தான் அதிகம் எழுதினேன். எது வேகம், எதில் இடம் என்று. அவற்றில் பல கார்கள் இன்று கடையிலேயே இல்லை. அந்தக் கார்களை வாங்கியவர்கள் இருக்கிறார்கள், எழுதுகிறார்கள். வாங்குவது ஒரு நாள். அதற்குப் பிறகு வருகிற 15 வருஷத்தைப் பற்றித்தான் இப்போது என் எழுத்து முழுக்க.

2010-ல் அப்பா வாங்கிய கார். போன மாதம் அப்பா தவறிவிட்டார். 15 வருஷம் முடிகிறது, டெல்லி மாதிரி இங்கேயும் ஓட்ட விடமாட்டார்கள், ஸ்கிராப்புக்குப் போடு என்கிறார் மச்சான். அப்பா ஒவ்வொரு தடவை பெட்ரோல் போட்டதையும் ஒரு சின்ன டைரியில் எழுதி டேஷ்போர்டில் வைத்திருக்கிறார். போட மனசு வரவில்லை. (ராயபுரம் வாசகர்)

போடாதீர்கள், முதலில் அந்த டைரியை முழுக்கப் படியுங்கள். டெல்லி விதி டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும். தமிழ்நாட்டில் 15 வருஷம் முடிந்த சொந்தக் காரை, வண்டி தகுதியாக இருந்தால், ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலிலிருந்து அதற்கான கட்டணம் 5,000 ரூபாய், அதோடு பசுமை வரி. ஆனால் முதல் வேலை ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றுவது. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 31. போன மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள், இந்த வாரமே போய் வாருங்கள்.

வண்டியை வைத்துக்கொள்ளலாமா என்பதற்கு ஒரு சோதனை. லிப்டில் தூக்கி, சஸ்பென்ஷன் (சக்கரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங் அமைப்பு) வந்து பிடிக்கிற இடங்களில் துரு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கதவில் துரு என்றால் டிங்கரிங். அந்த இடத்தில் இரும்பு பொடியாக உதிர்ந்தால் மனசைத் தேற்றிக்கொண்டு விட்டுவிடத்தான் வேண்டும், அது உயிர் சம்பந்தப்பட்டது.

என் கார் 2008-ல் வாங்கியது. கம்பெனி பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், விடுங்கள். 2023-ல் ஆர்.சி. புதுப்பித்தேன். இதுவரை 1,48,000 கிலோமீட்டர். அப்பாவின் பட்டறைக் கணக்கு நோட்டு மாதிரியே நீள நோட்டு போட்டு எழுதி வருகிறேன். இடது பக்கம் தேதி, கிலோமீட்டர். வலது பக்கம் என்ன செய்தது, எவ்வளவு. பெட்ரோல், இன்சூரன்ஸ் தவிர 17 வருஷத்தில் சர்வீஸ், டயர், பேட்டரி, ரிப்பேர், வெள்ளத்துக்கு ஆன 31,000 எல்லாம் சேர்த்து 3 லட்சத்து 62 ஆயிரம். மாதத்துக்கு 1,775 ரூபாய். ஒரே மாதத்தில் 40,000 ஆன நாட்களும் அந்த நோட்டில் உண்டு. அந்த மாதங்களில்தான் எல்லோரும் காரை விற்கிறார்கள், செலவு செய்து சரியாக்கிய கையோடு. உங்கள் அப்பாவின் டைரியில் மைலேஜ் வருஷாவருஷம் எப்படி இருக்கிறது பாருங்கள். அப்படியே நின்றால் இன்ஜினுக்கு இன்னும் ஆயுசு இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். என் காரில் ஏர் பேக் இல்லை, உங்கள் 2010 காரிலும் அநேகமாக இருக்காது. நான் அதை நெடுஞ்சாலைக்கு எடுப்பதில்லை. திருப்பதிக்கோ ஊருக்கோ போவதென்றால் ரயில், இல்லையென்றால் நல்ல வாடகை வண்டி. ராயபுரம், பெரம்பூர், மருத்துவமனை, கல்யாண மண்டபம் என்று நம் எல்லைக்குள் 40 கிலோமீட்டர் வேகத்தில் வைத்திருந்து ஓட்டுங்கள். அப்பா எழுதி விட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து நீங்கள் எழுதுங்கள்.

அடுத்த இதழுக்குக் கடிதம் போடுகிறவர்கள் நாலு விஷயத்தை மறக்காமல் எழுதுங்கள்: வண்டி எந்த வருஷம், மாதம் எத்தனை கிலோமீட்டர், இரவில் எங்கே நிறுத்துகிறீர்கள், கடைசியாக என்ன வேலை பார்த்தது. கொடுங்கையூர் சகோதரி, வண்டி பார்த்துவிட்டு டயர் எண்ணையும் மைலேஜையும் எனக்கு எழுதுங்கள், பணம் கொடுப்பதற்கு முன்னால்.